பழைய காரும் குளிர்காற்றின் விலையும்

மோட்டார் வண்டி வைத்திருப்போர் திருத்தகத்து வாயிலில் நின்று கேட்கும் வினாக்களுள் விடை கூறுதற்கு மிகக் கடினமானது ஒன்றுண்டு. "வண்டியின் வளிச்சீராக்கி குளிர்ச்சி தருவதில்லை, திருத்துவதற்கு எவ்வளவு செல்லும்?" என்பதே அவ்வினா. வைத்தியரிடம் சென்று, "காய்ச்சல் காய்கிறது; எவ்வளவு செலவாகும்?" என்று கேட்பதற்கும் இதற்கும் வேற்றுமை அதிகமில்லை. காய்ச்சல் நோயன்று, நோயின் அறிகுறி. நோய் வெறுந் தடிமனாகவும் இருக்கலாம். நெருப்புக் காய்ச்சலாகவும் இருக்கலாம். அதனை அறியுமுன் செலவைச் சொல்பவர் ஒன்றில் சோதிடராதல் வேண்டும். அன்றேல் எல்லா நோய்க்கும் ஒரே மருந்தைக் கொடுப்பவராதல் வேண்டும்.

வளிச்சீராக்கிக்கு அந்த ஒரே மருந்தாகப் பல இடங்களிற் கொடுக்கப்படுவது, "காஸ் நிரப்புதல்" என்பதாகும். வண்டிக்காரரும் அதனையே கேட்டு வாங்குகின்றார். நிரப்பியவுடன் குளிர்ந்த காற்று வருகிறது, உள்ளமும் குளிர்கிறது. சில மாதங்களில் மீண்டும் வெப்பக் காற்று, மீண்டும் நிரப்புதல், மீண்டும் பணம். இந்த மருந்து எப்பொழுது மருந்தாகும், எப்பொழுது வீண்செலவாகும் என்பதைக் கூறுவதே இப்பேச்சின் நோக்கம்.

இது செல்வர் சிலரின் கவலை மட்டுமே என்று எண்ணிவிடுதல் ஆகாது. நம் நாட்டில் 2020 மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வண்டிகளுக்கு 2025 பெப்ரவரி மாதத்திலேதான் மீண்டும் வழி திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில், பழையதை விற்றுப் புதியதை வாங்க நினைத்தவர்களும் பழையதையே பேணிக்கொள்ள நேர்ந்தது. இதனிடையே, 2022 மார்ச்சுத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், அவ்வாண்டு மே மாதமளவில் 360 ரூபாவை அண்மித்தது. வளிச்சீராக்கியின் உறுப்புகளும் அதில் ஓடும் வாயுவும் கடல் கடந்து வருபவை. ஆதலின் அவற்றின் விலையும் டொலரோடு கூடவே ஏறியது. டொயோட்டா கொரோலா, நிசான் சனி, மிற்சுபிசி லான்சர் என்று இருபது, முப்பது ஆண்டுகளாக நம் தெருக்களில் ஓடும் வண்டிகளை உடையவர்கள் பெரும்பாலும் நடுத்தரக் குடும்பத்தார். அவ்வண்டியிலேதான் நோயுற்ற தாயை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்கின்றனர். அதிலேதான் கைக்குழந்தையோடு ஏ9 வீதியின் வெயிலிற் பயணஞ் செய்கின்றனர். குளிர்காற்று அவர்களுக்கு ஆடம்பரமன்று. எனவே அதற்குச் செல்லும் பணம் வீணாகாதிருத்தல் வேண்டும்.

செலவை அறியுமுன் பொறியை அறிதல் நன்று. மண்பானை நீர் ஏன் குளிர்ந்திருக்கிறது? பானையின் நுண்ணிய துளைகளாற் கசியும் நீர் ஆவியாகும்பொழுது, அதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஊசி போடுமுன் தாதி கையிற் பூசும் மதுசாரம் சில்லென்றிருப்பதும் இதனாலேயே. திரவம் ஆவியாகுமிடத்தில் வெப்பம் உறிஞ்சப்படுகிறது; ஆவி மீண்டும் திரவமாகுமிடத்தில் அவ்வெப்பம் வெளியே கொட்டப்படுகிறது. வளிச்சீராக்கியின் அடிப்படை முழுவதும் இவ்வளவே.

இன்று நம்மிடையே ஓடும் பழைய வண்டிகளுட் பெரும்பாலானவற்றில் உள்ள வாயுவுக்கு ஆர்-134ஏ என்று பெயர். அது சாதாரண வளியமுக்கத்தில் பூச்சியத்துக்குக் கீழே 26 பாகை செல்சியசிலேயே கொதித்து ஆவியாகிவிடும். எஞ்சினின் பட்டியினாற் சுழலும் அமுக்கி, திருத்தகத்தார் கொம்பிரசர் என்பது, அந்த ஆவியை இறுக்கிச் சூடேற்றி முன்னே தள்ளுகிறது. வண்டியின் முகப்பில் ரேடியேற்றருக்கு முன்னால் ஒரு சல்லடைபோல் நிற்பது ஒடுக்கி, அதாவது கொண்டென்சர். அங்கே ஆவி தன் வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்துத் திரவமாகிறது. அத்திரவம் டிரையர் எனப்படும் உலர்த்தியின் வழியே சென்று ஈரம் நீங்கி, விரிவு வால்வின் ஒடுங்கிய வாயினூடாகப் பாய்ந்து, அமுக்கங் குறைந்து, முன்பலகையின் உள்ளே மறைந்திருக்கும் ஆவியாக்கியை அடைகிறது. கூலிங் கொயில் என்று திருத்துநர் சொல்வது இதனையே. அங்கே அது கொதித்து ஆவியாகி, அறையின் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு, மீண்டும் அமுக்கிக்குத் திரும்புகிறது.

இச்சுற்றிலே நாம் மனத்திற் பதிக்கவேண்டியது ஒன்று. பெற்றோல் எரிந்து தீர்கிறது. எஞ்சின் எண்ணெய் கருத்துப் பழுதாகிறது. ஆனால் இவ்வாயு எரிவதுமில்லை, தேய்வதுமில்லை. மூடிய வளையமொன்றில் சுற்றிச் சுற்றி வருகிறது. ஆதலின் வாயு குறைந்திருக்கிறது என்றால், அது எங்கோ ஓரிடத்தால் வெளியேறியிருக்கிறது என்பதே பொருள். இறப்பர்க் குழாய்களினூடாகவும் அமுக்கியின் அச்சு முத்திரையினூடாகவும் மிகச் சிறிதளவு கசிவது பழைய வண்டிகளுக்கு இயல்பு. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை சற்று நிரப்ப நேர்ந்தால் அதனைக் குற்றமாகக் கொள்ளவேண்டியதில்லை. ஆனால் ஓராண்டுக்குள் இருமுறை, மும்முறை நிரப்ப நேர்ந்தால், நாம் விலை கொடுத்து வாங்குவது குளிர்ச்சியையன்று. ஓட்டைக்குரிய தீனியையே வாங்குகின்றோம்.

அதேவேளை, குளிர்ச்சி குறைந்த இடமெல்லாம் வாயுவும் குறைந்திருக்கும் என்று கருதுதலும் தவறு. திருத்தகத்துக்குப் போகுமுன் வண்டிக்காரர் தாமே கண்டறியக்கூடிய குறிகள் சில உண்டு. இவற்றுக்குச் செலவு ஏதுமில்லை.

வண்டி ஓடும்பொழுது குளிர்ந்து, நெரிசலில் நிற்கும்பொழுது காற்றுச் சூடாகுமாயின், ஒடுக்கிக்குக் காற்றுக் கொடுக்கும் மின்விசிறி சுழல்கின்றதா என்று பார்த்தல் வேண்டும். அல்லது ஒடுக்கியின் இடுக்குகளில் தூசும் பூச்சிகளும் அடைத்திருக்கலாம். புறப்பட்டவுடன் நன்றாகக் குளிர்ந்து, சிறிது நேரத்தில் காற்றின் வேகமே குன்றுமாயின், ஆவியாக்கியின்மேல் பனி உறைந்திருக்கக்கூடும். அதற்குக் காரணம் அழுக்கேறிய வடியாகவோ, உறைநிலையை உணரும் கருவியின் பழுதாகவோ இருக்கலாம். குழாய் மூட்டுகளில் எண்ணெய்ப் பிசுக்குத் தெரிந்தால் அங்கே வாயு கசிகிறது என்று ஐயுறலாம். ஏனெனில் அமுக்கிக்கு வேண்டிய எண்ணெய் வாயுவோடு கலந்தே ஓடுகிறது. வண்டியின் அடியில் தெளிந்த நீர் சொட்டினால் அஞ்சவேண்டியதில்லை. அது காற்றிலிருந்து வடிந்த ஈரமே. அந்நீர் வெளியே சொட்டாது உள்ளே கால் மிதிக்கும் விரிப்பை நனைத்தால், வடிகுழாய் அடைத்திருக்கிறது. இவற்றுள் மின்விசிறிக்கும் வடிக்கும் வடிகுழாய்க்கும் வாயுவோடு யாதொரு தொடர்பும் இல்லை. இக்குறைகளுக்கு வாயு நிரப்புவது, கண்ணோய்க்குக் காலிற் கட்டுப் போடுவது போன்றது.

இனிச் செலவின் படிகளைப் பார்ப்போம். ரூபாக் கணக்கில் ஒரு தொகையைக் கூறுவதிற் பயனில்லை. உதிரிப்பாகத்தின் விலை ஆண்டுக்கு ஆண்டு மாறும், ஊருக்கு ஊர் மாறும். ஆனால் படிகளின் வரிசை பெரும்பாலும் மாறுவதில்லை.

முதற்படி மிகச் சிறியது. எரிந்துபோன உருகி, பழுதான ரிலே, தளர்ந்த பட்டி, அடைத்த வடி, அழுக்கேறிய ஒடுக்கி ஆகியன இப்படியைச் சேர்ந்தவை. இவற்றிற் சில வெறும் நீரினாலும் தூரிகையினாலும் தீர்பவை.

இரண்டாவது படி மூட்டுகளின் கசிவு. குழாய்கள் இணையுமிடங்களில் ஓ-ரிங் எனப்படும் இறப்பர் வளையங்கள் உள்ளன. ஆண்டுகள் செல்லச் செல்ல அவை காய்ந்து வெடிக்கின்றன. நிரப்பும் வாயிலிலுள்ள சிறு வால்வும் அவ்வாறே. வளையத்தின் விலை அற்பம். ஆயினும் கசியும் வளையம் எது என்று தேடுவதற்கும், கழற்றிப் பூட்டுவதற்கும், வளையத்தை வெறுமையாக்கி மீண்டும் நிரப்புவதற்கும் கூலி உண்டு. "சுண்டைக்காய் காற்பணம், சுமைகூலி முக்காற்பணம்" என்னும் பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் காண்டல் அரிது. எனினும் அந்தச் சுமைகூலி கொடுக்கத் தகுந்த கூலியே.

மூன்றாவது படி பெரிய உறுப்புகளின் கசிவு. முகப்பில் நிற்கும் ஒடுக்கியைத் தெருக்கல்லும் தாக்கும். கடலோரக் காற்றின் உப்பும் அரிக்கும். யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை, மட்டக்களப்பு முதலிய கரையோர ஊர்களில் ஒடுக்கியின் அலுமினியத் தகடுகள் பொடிந்து உதிர்வது கண்கூடு. அதனை மாற்றுதல் ஓரளவு எளிது. முன்னாலேயே இருப்பதால் கை எட்டும். ஆவியாக்கியோ அவ்வாறன்று. வண்டிகள் பலவற்றில் முன்பலகை முழுவதையும் கழற்றினாற்றான் அதனை அடையலாம். பாகத்தின் விலையோடு ஒரு நாளோ இரு நாளோ வேலைக்கூலியும் சேர்கிறது. அவ்வாறு திறக்கும்பொழுதே விரிவு வால்வையும் மாற்றிவிடுதல் அறிவுடைமை. இல்லையேல் பின்னொரு நாள் அதற்காகவே அத்தனை கூலியையும் மறுபடி கொடுக்க நேரும்.

நான்காவது படி அமுக்கி. இதுவே செலவின் உச்சி. அமுக்கி தேய்ந்து இறுகிப்போனால், அதிலிருந்து உதிர்ந்த உலோகத் துகள்கள் வாயுவோடு ஓடி ஒடுக்கியிலும் வால்விலும் போய்த் தங்குகின்றன. அமுக்கியை மட்டும் மாற்றி, துகள்களை அகற்றாது விட்டால், புதிதாகப் பூட்டியதும் விரைவில் அழியும். ஆதலின் குழாய்களைக் கழுவுதல், உலர்த்தியை மாற்றுதல், தேவையாயின் ஒடுக்கியையும் மாற்றுதல் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செலவு வளர்கிறது. கொழும்பு பஞ்சிகாவத்தை போன்ற இடங்களில், யப்பானிற் கழற்றப்பட்ட வண்டிகளின் அமுக்கிகள் கிடைக்கின்றன. புதியதிலும் அவை மலிவு. ஆனால் மலிவு என்பதற்காக வாங்குமுன் அச்சைக் கையாற் சுழற்றிப் பார்த்தலும், உள்ளிருந்து வரும் எண்ணெய் தெளிவாக இருக்கின்றதா, கருத்துத் துகளோடு இருக்கின்றதா என்று நோக்குதலும், குறிப்பிட்ட காலத்துக்குள் பழுதானால் மாற்றித் தருவதாக எழுத்திற் பெறுதலும் வேண்டும்.

டொயோட்டா பிரியஸ், அக்குவா போன்ற கலப்பு வண்டிகளில் ஒரு புதுமை உண்டு. அவற்றின் அமுக்கி பட்டியினாற் சுழல்வதன்று. உயர் அழுத்த மின்சாரத்தினால் இயங்குவது. அதனுள் இருக்கும் எண்ணெய் மின்னைக் கடத்தாத தனி வகையினது. சாதாரண வண்டிக்குரிய எண்ணெய் சிறிதளவு கலந்தாலும் மின்காப்புக் கெட்டு, விலையுயர்ந்த அமுக்கி வீணாகலாம். அவ்வண்டிகளும் இப்பொழுது பத்து வயதைத் தாண்டத் தொடங்கிவிட்டன. அவற்றை உடையவர்கள் இவ்வகையிற் பயிற்சி பெற்றவரையே நாடுதல் வேண்டும்.

இப்பொழுது ஒரு சிறு கணக்கு. ஒருமுறை வாயு நிரப்பும் செலவை ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். வாயு நான்கு மாதத்தில் கசிந்து தீரும் வண்டியொன்றுக்கு ஓராண்டில் மூன்று பங்கு. இரண்டாண்டில் ஆறு பங்கு. கசிவைத் தேடி, வளையத்தை மாற்றி, முறையாக நிரப்புவதற்கு மூன்று பங்கு செல்வதாகக் கொண்டாலும், முதலாண்டு முடிவில் இரண்டு வழியும் ஒன்றே. இரண்டாமாண்டில் திருத்தியவருக்கு மூன்று பங்கு மிச்சம். இக்கணக்கிலே சேராத இழப்பு ஒன்றும் உண்டு. எண்ணெய் வாயுவோடு ஓடுகிறது என்று முன்னர் கூறினேன். வாயு குறைந்த நிலையில் ஓடும் அமுக்கிக்கு எண்ணெய் போதிய அளவில் திரும்பி வருவதில்லை. வாயு முற்றாகத் தீர்ந்தால் பாதுகாப்பு ஆளி அமுக்கியை நிறுத்திவிடும். அரைகுறையாக இருக்கும்பொழுது அவ்வாளி ஒன்றுஞ் செய்யாது. அந்நிலையில் மாதக்கணக்கில் ஓடிய அமுக்கி தேய்ந்து இறுகும். அப்பொழுது இரண்டாம் படியில் முடிந்திருக்கவேண்டிய செலவு நான்காம் படிக்கு ஏறிவிடும். மலிவான வழி என்று நாம் தெரிந்தது உண்மையில் மிக விலையுயர்ந்த வழியாய் முடிகிறது.

வாயுவின் வரலாற்றையும் சிறிது அறிதல் வேண்டும். அது பழைய வண்டிக்காரரின் பணப்பையைத் தொடுவது. 1930களிலிருந்து குளிர்சாதனங்களிலும், பின்னர் வண்டிகளிலும் ஆர்-12 என்னும் வாயு வழங்கிவந்தது. அது தீப்பற்றாது, நஞ்சுமன்று, ஆதலின் உலகம் முழுவதும் பரவியது. 1974இல் மொலினா, ரோலண்ட் என்னும் விஞ்ஞானிகள் இருவர், இவ்வகை வாயுக்கள் மேல் வானத்து ஓசோன் படையை அழிக்கக்கூடும் என்று எடுத்துக்காட்டினர். 1985இல் அந்தாட்டிக்காவுக்கு மேலே ஓசோன் பெரிதும் குறைந்திருப்பது வெளிப்படுத்தப்பட்டது. 1987இல் மொன்றியல் உடன்படிக்கை தோன்றியது. இலங்கை 1989இல் அதனை ஏற்றது. வண்டி செய்வோர் 1990களின் முற்பகுதியில் ஆர்-134ஏ வாயுவுக்கு மாறினர். வளர்முக நாடுகளிலும் ஆர்-12 வகை வாயுக்கள் 2010ஆம் ஆண்டுடன் விலக்கப்பட்டன.

எனவே 1990களின் தொடக்கத்துக்கு முந்திய வண்டியை வைத்திருப்பவர்க்கு முன்னுள்ள நேர்வழி, அதனைப் புதிய வாயுவுக்கு மாற்றுவதேயாகும். அதற்கும் ஒரு முறை உண்டு. பழைய கனிய எண்ணெய் ஆர்-134ஏ வாயுவோடு கலவாது. கலவாத எண்ணெய் அமுக்கிக்குத் திரும்பாது. ஆதலின் பழைய எண்ணெயை அகற்றிப் பொருத்தமான எண்ணெயை இடுதல், உலர்த்தியை மாற்றுதல், வளையங்களையும் நிரப்பும் வாயையும் மாற்றுதல், பழைய நிறையில் ஏறத்தாழ 80 தொடக்கம் 90 வீதம் மட்டும் நிரப்புதல் ஆகியன வேண்டும். இவையின்றிப் பழைய எண்ணெயின்மேல் புதிய வாயுவை ஏற்றிவிட்டு, "மாற்றியாயிற்று" என்பது மாற்றமன்று.

ஆர்-134ஏ ஓசோனை அழிப்பதில்லை. ஆயினும் அது பூமியை வெப்பமாக்கும் வாயு. நூறு ஆண்டுக் கணக்கில், நிறைக்கு நிறை, கரியமில வாயுவைப்போல 1,430 மடங்கு வல்லது என்பது உலகெங்கும் பயன்பட்டுவரும் மதிப்பீடு. பழைய கார் ஒன்றில் 700 கிராம் இருக்குமாயின், அது முழுவதும் கசிவது ஏறத்தாழ ஒரு தொன் கரியமில வாயுவை வானில் விடுவதற்குச் சமம். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோகிராம் கரியமில வாயு வெளிவரும். ஆகவே ஒருமுறை நிரப்பிய வாயு கசிந்து போவது, 430 லீற்றருக்கு மேற்பட்ட பெற்றோலை எரித்ததற்கு ஒப்பாகும். லீற்றருக்குப் 12 கிலோமீற்றர் ஓடும் வண்டியாயின், அவ்வளவு பெற்றோலில் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்குமாக ஆறுமுறை போய்வந்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாத ஓர் இறப்பர் வளையத்தினால் இவ்வளவு நிகழ்கிறது.

இக்காரணத்தினால், 2016இல் கிகாலி நகரில் மொன்றியல் உடன்படிக்கைக்கு ஒரு திருத்தம் செய்யப்பட்டது. நம் நாட்டைப் போன்ற நாடுகளின் பாவனை 2024ஆம் ஆண்டின் எல்லைக்கு மேற்செல்லாது நிறுத்தப்பட்டு, 2029இல் 10 வீதமும், படிப்படியாக 2045இல் 80 வீதமும் குறைக்கப்படுதல் வேண்டும் என்பது அதன் ஒழுங்கு. புதிய வண்டிகள் பலவற்றில் ஆர்-1234வைஎப் என்னும் வேறு வாயு வந்துவிட்டது. அதன் விலையும் மிகுதி. ஆதலின் பழைய வண்டியிலுள்ள வாயுவை ஒழுகவிட்டு, வேண்டும்பொழுதெல்லாம் மலிவாக நிரப்பலாம் என்று எப்பொழுதும் நம்பியிருத்தல் இயலாது.

மலிவு என்றவுடன் ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டியிருக்கிறது. சமையல் வாயுவும் குளிர்ச்சி தரும் என்று சொல்லி அதனை வண்டியில் நிரப்புவோர் உளர். குளிர்ச்சி தரும் என்பது மெய்யே. ஆனால் ஆவியாக்கி இருப்பது நாமும் நம் பிள்ளைகளும் மூச்சுவிடும் காற்றோட்டத்தின் நடுவிலாகும். அங்கே கசிவு ஏற்பட்டு ஒரு தீப்பொறியும் சேர்ந்தால் என்னாகும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. போலி வாயுவும் அவ்வாறே கொடியது. 2011இல் வியட்நாமிலும் பிரேசிலிலும் கப்பற் குளிர்க்கொள்கலன்கள் வெடித்துத் தொழிலாளர் உயிரிழந்தனர். ஆர்-134ஏ என்று விற்கப்பட்ட வாயுவில் மெதயில் குளோரைட்டு கலந்திருந்ததும், அது அலுமினியத்தோடு சேர்ந்து, காற்றுப் பட்டவுடன் தீப்பற்றும் பொருளைத் தோற்றுவித்ததும் பின்னர் அறியப்பட்டன. முத்திரையும் பெயரும் இல்லாத கொள்கலனிலிருந்து வரும் மலிவான வாயுவை ஏற்பதிலும், வளிச்சீராக்கி இன்றிச் செல்வது மேல்.

அவ்வாறாயின் நல்ல திருத்துநரை எவ்வாறு இனங்காண்பது? அவரிடம் நான்கு வினாக்களைப் பணிவாகக் கேட்கலாம். நல்லவர் சினங்கொள்ளார், மகிழ்ந்து விடை கூறுவார்.

ஒன்று: "கசிவை எவ்வாறு தேடுவீர்கள், ஐயா?" சவர்க்கார நுரை, ஒளிரும் சாயம், மின்னணு உணர்கருவி, உலர்ந்த நைதரசனை ஏற்றி அமுக்கம் இறங்குகின்றதா என்று பார்த்தல் ஆகியன ஏற்ற முறைகள். ஒட்சிசனை ஏற்றிச் சோதித்தல் கூடவே கூடாது. எண்ணெயோடு சேர்ந்து அது வெடிக்கும்.

இரண்டு: "நிரப்புமுன் பம்பியினால் வெறுமையாக்குவீர்களா? எவ்வளவு நேரம்?" திறக்கப்பட்ட வளையத்துள் காற்றும் ஈரமும் புகுந்துவிடுகின்றன. ஈரம் வால்வின் வாயிலில் உறைந்து அடைக்கும். எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். வெற்றிடத்தில் நீர் சாதாரண வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி வெளியேறும் என்பதனாலேயே பம்பி பூட்டப்படுகிறது. இதற்கு அரைமணி நேரமாவது வேண்டும். ஐந்து நிமிடத்தில் முடிந்தது என்றால் வேலை முடியவில்லை.

மூன்று: "நிறுத்து நிரப்புவீர்களா?" வண்டியின் மூடியின் கீழ் ஒரு சிட்டையில் வாயுவின் வகையும் நிறையும் குறிக்கப்பட்டிருக்கும். அந்நிறையைத் தராசில் அளந்து ஏற்றுதல் வேண்டும். அமுக்கமானியை மட்டும் பார்த்து ஏற்றுவது, உலையின் கொதியைக் கொண்டு அரிசியின் அளவைச் சொல்வது போன்றது. குறைந்தாலும் தீங்கு, கூடினாலும் குளிர்ச்சி குன்றி, அமுக்கம் மிகுந்து, அமுக்கிக்குக் கேடு.

நான்கு: "கழற்றிய பழைய பாகங்களைத் தருவீர்களா? பாகத்தின் விலை வேறு, கூலி வேறு என்று பற்றுச்சீட்டில் எழுதுவீர்களா?" இவ்வாறு கேட்பது ஐயமன்று, முறை. கூலியைக் குறைக்கும்படி நச்சரிப்பதிலும், எதற்காகக் கூலி கொடுக்கின்றோம் என்பதை அறிந்து கொடுப்பது இருபாலார்க்கும் மதிப்பு. குளிரூட்டற்றுறையில் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் பெற்ற இளைஞர் நம்மிடையே உளர். கசிவைத் தேடும் அவர்களின் பொறுமைக்கு நாம் பணங் கொடுக்கத் தயங்கி, வாயுவுக்கு மட்டும் பணங் கொடுப்போமாயின், அவர்களும் நாளடைவில் வாயு நிரப்புவோராகவே ஆகிவிடுவர். நல்ல தொழிலாளர் உருவாவதும் குன்றுவதும் வாடிக்கையாளர் கையிலும் இருக்கிறது.

செலவை வராமலே தடுக்கும் வழிகளும் சில உள. வாரத்தில் ஒரு நாளாவது பத்து நிமிடம் வளிச்சீராக்கியை இயக்குதல் வேண்டும். நுவரெலியாவின் குளிரில் இருப்பவர்க்கும் இது பொருந்தும். எண்ணெய் சுற்றி வந்து முத்திரைகளை நனைத்தாலன்றி அவை காய்ந்துவிடும். வெயிலில் நின்ற வண்டியில் ஏறியவுடன் கண்ணாடிகளைத் திறந்து சூட்டுக் காற்றை வெளியேற்றிய பின்னரே வளிச்சீராக்கியை முடுக்குதல் நன்று. கடலோரத்திலும் செம்மண் தெருவிலும் ஓடும் வண்டியின் ஒடுக்கியை அவ்வப்போது மெல்லிய நீரோட்டத்தினாற் கழுவுதல் வேண்டும். வேகமான நீர் தகடுகளை மடித்துவிடும். கசிவை அடைக்கும் பசை என்று புட்டியில் விற்கப்படுவனவற்றைத் தவிர்த்தல் வேண்டும். அவை ஓட்டையை அடைப்பதோடு வால்வையும் அடைத்து, திருத்துநரின் கருவியையும் கெடுத்துவிடும்.

இறுதியாக, திருத்துவதா விடுவதா என்னும் முடிவு. முதல் இரண்டு படிகளிலுள்ள குறையாயின் ஐயமின்றித் திருத்தலாம். மூன்றாம், நான்காம் படியாயின், "இவ்வண்டியை இன்னும் எத்தனை ஆண்டு வைத்திருப்பேன்?" என்று கேட்டு, செலவை அவ்வாண்டுகளாற் பிரித்துப் பார்த்தல் வேண்டும். ஐந்தாண்டு வைத்திருப்பவர்க்குப் பெருஞ்செலவும் ஆண்டுக்குச் சிறு தொகையாகலாம். அடுத்த ஆண்டே விற்க இருப்பவர்க்கு அது வீண். வீட்டிலே முதியோரும் நோயாளரும் சிறு குழந்தைகளும் இருப்பின், அவர்களின் நலத்தையும் அக்கணக்கிற் சேர்த்துக்கொள்ளுதல் கடன். திருத்த வசதியில்லாதபோது, கசியும் வளையத்தில் வாயுவை ஊற்றிக்கொண்டிராமல், வசதி வரும்வரை கண்ணாடியைத் திறந்து செல்வதில் இழிவொன்றும் இல்லை. அமுக்கியேனும் பிழைக்கும்.

ஆகவே அன்பர்களே, அடுத்தமுறை திருத்தக வாயிலில் நிற்கும்பொழுது, "காஸ் நிரப்ப எவ்வளவு?" என்று கேளாதீர்கள். "காஸ் எங்கே போயிற்று?" என்று கேளுங்கள். முதல் வினாவுக்கு உடனே ஒரு தொகை விடையாகக் கிடைக்கும். சில மாதத்தில் அதே தொகை மீண்டும் கேட்கப்படும். இரண்டாம் வினாவுக்கு விடை காண ஒரு பொழுது செல்லும். ஆனால் அவ்விடை கிடைத்த பின்னர் அத்தொகையைப் பலகாலம் கொடுக்க வேண்டியிராது.